பத்து நாள் கழித்து வாங்க

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘இம்ப்ரெஷன்’ என்று, அதாவது ஸ்கேன் பார்த்தவரின் முடிவு என்று, தடித்த எழுத்தில் போட்டு அதற்குக் கீழே இருக்கும் ஒன்றரை வரி. மேலே, பெயருக்குப் பக்கத்தில், எல்.எம்.பி. என்று ஒரு தேதி இருக்கும். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள். அதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. கரு தங்கிய முதல் இரண்டு மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் அந்தத் தேதி ஆடினால் கீழே இருக்கும் எல்லாமே ஆடும். போன வருஷம் என் சித்தி மகளுக்கு நடந்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சொல்லித் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் சில வருஷம் ரிப்போர்ட் டைப் அடித்தேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் அளந்து சொல்வார், இந்தப் பக்கம் நான் அடிப்பேன். ஸ்கேனுக்குச் சட்டப்படி வேண்டிய எஃப் ஃபார்ம் நிரப்புவது, ஆதார் நகல் வாங்குவது, தண்ணீர் குடிக்கச் சொல்வது எல்லாம் என் தலையில்தான். காலை பத்து மணிக்கு வெளி பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, முட்டியோடு முட்டியை ஒட்டிக்கொண்டு, “எனக்கு முன்னாடி இன்னும் எத்தன பேருக்கா?” என்று கேட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். வயிற்றின்மேல் வைத்துப் பார்க்க மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் டி.வி.எஸ். என்றால் காலியாக இருக்க வேண்டும். பாதிப் பேர் அடக்கி அடக்கி உள்ளே போனபின் “போய்ட்டு வாம்மா, உள்ள வச்சுப் பாக்கணும்” என்று திருப்பி அனுப்பப்பட்டு, என்னைத் திட்டிக்கொண்டே பாத்ரூமுக்கு ஓடுவார்கள். அந்தப் பளபளப்புத் தாளில் வரும் படத்தை ஆசையாக லேமினேட் செய்யக் கொடுத்து, சூடு பட்டு முழுக்கக் கறுத்துப்போய், இன்னொரு படம் கேட்டு வந்தவர்களும் உண்டு.

நம்ம பக்கம் ஸ்கேன் என்றாலே மனசுக்குள் ஓடுவது ஆணா பெண்ணா என்பதுதான். அதைச் சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994-லேயே வந்துவிட்டது, சுவரில் போர்டு தொங்குகிறது, ஆனாலும் குரலைத் தாழ்த்திக் கேட்கிற மாமியார்கள் அப்போதும் வந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் ஏன் தருமபுரிக்கும் வந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரே கேள்வியைச் சுற்றியே பேசிப் பழகிவிட்டதால், ஆறேழு வாரத்தில் எடுக்கிற ஸ்கேன் எதற்கு என்று வீடுகளில் யாரும் கேட்பதில்லை. கரு கர்ப்பப்பைக்குள் தங்கியிருக்கிறதா, டியூப் என்கிற கருக்குழாயில் தங்கிவிட்டதா, ஒன்றா இரண்டா, துடிப்பு இருக்கிறதா, எத்தனை நாள் வளர்ச்சி. அவ்வளவுதான் அந்த ஸ்கேன் சொல்லும். அதில் கடைசி இரண்டையும் ஒரே நாளில் உறுதியாகச் சொல்ல முடியாத நேரமும் உண்டு. என் சித்தி மகள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

தலைக்கு ஊற்றிய நாள்

அவள் பென்னாகரம் பக்கம். கல்யாணமாகி இரண்டரை வருஷம் கழித்து நாள் தள்ளிப்போனது. தருமபுரியில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றின்மேல் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். தேதிக் கணக்குப்படி எட்டு வாரம். கரு வளர்கிற பை 18 மில்லிமீட்டர் இருக்கிறது, உள்ளே கரு தெரியவில்லை. இம்ப்ரெஷனில் ஒரு கேள்விக்குறி போட்டு ‘அனெம்பிரியானிக் ஜெஸ்டேஷன்’, அதாவது பைக்குள் கரு உருவாகாத கர்ப்பம், பக்கத்தில் ‘10 நாளில் மறுபரிசோதனை’. ரிப்போர்ட் அடித்த கைக்குத் தெரியும், டாக்டர் கேள்விக்குறி போடச் சொன்னால் மறக்காமல் போட வேண்டும், விட்டால் திட்டு விழும். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வீட்டுக்காரர்கள் அந்தக் குறியை விட்டுவிட்டார்கள். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் காட்டியிருக்கிறார்கள். “பை மட்டும்தான் இருக்கு, கொழந்த உருவாகல, சுத்தம் பண்ணிடுங்க” என்று பதில் வந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே இன்னொரு இடத்தில் டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய நேரம் வாங்கிவிட்டார்கள்.

ராத்திரி எட்டரை மணிக்கு வாட்ஸாப்பில் எனக்குப் படம் வந்தது. மடிப்பு விழுந்த ரிப்போர்ட், ஓரத்தில் அவள் கட்டைவிரல். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் அவள் அழவில்லை. “அக்கா, நாளைக்குப் போகச் சொல்றாங்க. போலாமா?” என்று மட்டும் கேட்டாள். நான் கூப்பிட்டேன். அந்த சென்டரில் எங்கள் டாக்டர் எந்தப் பெண் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். என்ன தேதி கொடுத்தாய்?

“தலைக்கு ஊத்துன நாளச் சொன்னேங்க்கா.”

இது நம்ம வழக்கம். மாதவிலக்கு வந்த நாளை நினைவு வைத்துக்கொள்வதைவிட, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்த நாள்தான் மனசில் நிற்கும். அதைச் சொன்னால் கரு இருப்பதைவிட இரண்டிலிருந்து நாலு நாள் இளசாகக் கணக்கில் வரும். அதுகூடப் பரவாயில்லை. மாதாமாதம் சரியாக வருமா என்று கேட்டேன். “எங்கக்கா, எனக்கு நாப்பது நாப்பத்தஞ்சு நாளு ஆவுமே. நீர்க்கட்டிக்கு மாத்திர சாப்பிட்டேனில்ல.” எல்.எம்.பி.யிலிருந்து எண்ணுகிற எட்டு வாரம் என்ற கணக்கு 28 நாளைக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு. முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவளுக்கு அது இரண்டு வாரத்துக்கு மேலேயே தள்ளிப்போயிருக்கும். அப்படியென்றால் ரிப்போர்ட்டில் எட்டு வாரம் என்று அச்சாகியிருக்கிற கருவுக்கு உண்மையில் ஆறு, ஆறரை வாரம்தான் ஆகியிருக்கலாம். எட்டு வாரத்தில் பைக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது கவலைப்பட வேண்டிய செய்தி. ஆறு வாரத்தில், அதுவும் வயிற்றின்மேல் வைத்துப் பார்த்துத் தெரியவில்லை என்றால், இன்னும் செய்தியே வரவில்லை என்று அர்த்தம்.

எங்கள் டாக்டர் தேதி சரியாகச் சொல்லத் தெரியாத புதுப் பெண்களிடம் “ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனியா? எப்ப திரும்பி வந்த?” என்று கேட்பார். பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஆடி முடிந்து ஆவணியில் புருஷன் வீட்டுக்கு வந்தவளுக்குக் கரு எப்போது தங்கியிருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஏழும் இருபத்தைந்தும்

உள்ளே வைத்துப் பார்த்தால் சுமார் ஐந்து வாரத்தில் பை தெரியும், ஐந்தரையில் அதற்குள் யோக் சாக் என்கிற சின்ன வளையம், ஆறு வாரத்தை ஒட்டிக் கருவும் துடிப்பும். வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தால் இதெல்லாம் ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தித் தெரியும். இந்த வயதில் கரு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு கேழ்வரகு மணியைவிடச் சின்ன அளவு. அதை இரண்டு பேர் அளந்தால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்வதற்கு ஒரு எல்லை வேண்டும் அல்லவா? முன்பு கரு 5 மி.மீ. தாண்டியும் துடிப்பு இல்லை என்றால் முடிந்தது என்றார்கள். பை 16 மி.மீ. ஆகியும் வெறுமையாக இருந்தால் முடிந்தது என்று அமெரிக்காவில் சொன்னார்கள், பிரிட்டனில் 20 என்றார்கள். 2010-ல் அயர்லாந்தில், கரு இறந்துவிட்டது என்று சொல்லப்பட்ட ஒரு பெண் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது துடிப்பு இருந்த விஷயம் வெளியே வந்து, அரசே நாடு முழுக்க விசாரிக்க வேண்டியதாயிற்று. 2011-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பழைய எல்லையில் உயிருள்ள கருவும் அடிபட்டுப்போக வாய்ப்பிருக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லை மாறியது. உள்ளே வைத்துப் பார்த்து, கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பை சராசரி 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லை என்றால்தான் உறுதி. 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்க நிபுணர்களும் இதையே எழுதினார்கள். அதற்குக் கீழே இருந்தால் சந்தேகம் மட்டும்தான். குறைந்தது ஏழு நாள் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும், வயிற்றின்மேல் மட்டும் பார்த்திருந்தால் பதினாலு நாள் என்கிறது பிரிட்டன் வழிகாட்டி. எல்லையைத் தாண்டியிருந்தாலும் இன்னொருவரிடம் காட்டிக்கொள்வதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை.

அப்படியானால் அவளுடைய 18? எந்தப் பக்கமும் சேராத எண். சென்டரில் இருந்தபோது காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு ‘17 மி.மீ., கரு தெரியவில்லை’ என்று அடித்திருக்கிறேன். திரும்ப வந்தபோது கருவே 9 மி.மீ., துடிப்பும் சேர்த்து அடித்தேன். அதே அளவில் போய்விட்டவர்களுக்கும் அடித்திருக்கிறேன். அதனால்தான் அன்று ராத்திரி “ஒண்ணும் ஆவாது, பயப்படாத” என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள், நாளைக்குப் போகாதே என்றுதான் சொன்னேன்.

வயிற்றிலேயே வைத்திருந்தால்

மாமியார் போனை வாங்கினார். கோபமான ஆள் இல்லை, பயந்த ஆள். “ஏம்மா, செத்தத வயித்துல பத்து நாள் வெச்சிருந்தா ஒடம்பெல்லாம் வெசமாயிடாதா? எங்க ஊர்ல ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிப்போச்சு.” இந்தப் பயத்தை நான் லேசாக நினைக்க மாட்டேன். சுத்தம் செய்யச் சொல்லி அவசரப்படுத்துகிற பெரும்பாலான வீடுகளில் இருப்பது கெட்ட எண்ணம் இல்லை, இதுதான். முதல் மூன்று மாதத்தில் கரு நின்றுபோயிருந்தாலும், காய்ச்சலோ கெட்ட வாடையோ அதிக ரத்தப்போக்கோ இல்லாதபோது ஓரிரு வாரம் காத்திருப்பதால் ஆபத்து இல்லை. உறுதியான பிறகுகூட, தானாக வெளியேறட்டும் என்று ஒன்றிரண்டு வாரம் விட்டுப் பார்ப்பதே ஒரு வைத்திய முறை. இதை மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “டாக்டரே பத்து நாள்னுதான எழுதியிருக்காரு, அவரு படிக்காதவரா?” என்றேன். அது வேலை செய்தது.

பணமும் ஒரு காரணம். ஒரு ஸ்கேனுக்கு ஆகும் காசு, பஸ், அன்றைய கூலி, கூட வரும் ஆளின் கூலி. புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தால் அவன் லீவு. சித்தேரி மலையிலிருந்தோ தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்தோ இறங்கி வருகிறவளிடம் ‘ஒரு வாரம் கழித்து வாங்க’ என்று சொல்வது சொல்கிறவருக்கு ஒரு வரி, கேட்கிறவருக்கு ஒரு வாரச் சம்பளம். அடுத்தமுறை காசு பிடுங்கத்தான் வரச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டாவது ஸ்கேன்தான் பரிசோதனை. முதலாவது அதற்கான அளவுகோல் மட்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரியிலோ எடுத்தால் காசுப் பிரச்சினை இல்லை, காத்திருக்கும் வரிசைதான் பிரச்சினை. ஊர் நர்ஸம்மாவிடம் பதிவு செய்து கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் வாங்கிவிட்டால் அலைச்சல் கொஞ்சம் குறையும்.

அவள் காத்திருந்தாள். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது முறை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். பை 27 மி.மீ. உள்ளே ஒன்றும் இல்லை. இந்தமுறை கேள்விக்குறி இல்லை.

இதைச் சொன்னதும் சிலர் “பாத்தியா, முதல்லயே பண்ணியிருந்தா பத்து நாள் மிச்சம்” என்கிறார்கள். இதுதான் எனக்கு ஆறாத இடம். அந்தப் பத்து நாள் நம்பிக்கைக்காக அல்ல. அன்று காலையிலேயே போயிருந்தால், தேதி தப்பாகச் சொன்னோமே, ஒருவேளை இருந்திருக்குமோ என்று அவள் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அப்படிக் கேட்க இடம் இல்லை. அழுதாள், ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வைத்துக்கொண்டாள், வேலைக்குப் போனாள். பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா என்ற விசாரணை எங்கள் வீட்டிலும் நடந்தது. முதல் மூன்று மாதத்தில் போகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு, ஆரம்பத்திலேயே நடந்துவிடுவது. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. படுத்தே கிடந்திருந்தாலும் தங்கியிருக்காது.

காத்திருக்கக் கூடாத இடம்

காத்திரு காத்திரு என்று நான் சொல்வதை யாராவது எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டால் ஆபத்து. சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு வந்திருக்கிறது, ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருக்கிறது என்றால் பத்து நாள் வீட்டில் உட்காரக் கூடாது. கரு மிகச் சின்னதாக இருக்கலாம், டியூபில் தங்கியிருக்கவும் கூடும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு அப்படி ஆகும். பீட்டா ஹெச்.சி.ஜி. என்கிற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையை 48 மணி நேரம் விட்டுத் திரும்ப எடுத்து, எப்படி ஏறுகிறது என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, பேடு பேடாக நனைகிற ரத்தப்போக்கு. இதில் எது வந்தாலும், கர்ப்பப்பைக்குள் கருவை ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சரி, தேதி பார்க்காமல் 108-க்கு அடிக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது இங்கே ரொம்ப சாதாரணம். டியூபில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது. மாத்திரையால்தான் ரத்தம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டியூப் வெடித்து உயிருக்கு வந்துவிடும்.

மற்றபடி ரிப்போர்ட்டில் பார்த்து மிரளும் பல வரிகள் பெரிய விஷயமே இல்லை. ‘கார்ப்பஸ் லூட்டியல் சிஸ்ட்’ என்றால் சினைப்பையில் கட்டி என்று அழுதவர்கள் உண்டு. முட்டை வெளிவந்த இடத்தில் உண்டாவது, ஆரம்பத்தில் கருவைக் காக்கும் ஹார்மோனைச் சுரப்பதே அதுதான், பெரும்பாலும் தானாகச் சுருங்கிவிடும். கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருக்கிறது என்றால் அது ஒரு அமைப்பு, ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான். பைக்குப் பக்கத்தில் சின்ன ரத்தக்கட்டு என்றால் கவனிக்க வேண்டும், ஆனால் துடிப்பு இருந்தால் பெரும்பாலும் கரைந்துபோகும். துடிப்பு குறைவாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் வாரத்தைப் பாருங்கள். ஆறு வாரத்தில் நிமிஷத்துக்கு நூறை ஒட்டி இருப்பது இயல்பு, ஒன்பது வாரத்தில் அதுவே 170 வரை ஏறும்.

இதையெல்லாம் டைப் அடிக்கிறவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை எனக்குப் பிடிக்கவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டு வரி போட்டால் என்ன என்று அந்த சென்டரில் ஒருமுறை கேட்டேன். ‘இது முடிவு அல்ல. இந்தத் தேதியில் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த வலி வந்தால் உடனே வாருங்கள்.’ டெம்ப்ளேட்டில் ஒருமுறை சேர்த்தால் போதும். டாக்டர் நல்ல யோசனை என்றார். முதலாளி, ரிப்போர்ட் டாக்டருக்குத்தானே, பேஷன்டுக்கு எதுக்கு என்றார். அதோடு சரி.

சித்தி மகளுக்கு இப்போது மறுபடி நாள் தள்ளியிருக்கிறது. வலி, ரத்தம் எதுவும் இல்லையென்றால் ஏழு வாரம் முடிந்த பிறகு போ, உன் நாற்பத்தைந்து நாள் கணக்கை டாக்டரிடம் சொல்லு என்றேன். இந்தமுறை முதல் நாளைச் சரியாகக் குறித்து வைத்திருந்தாள். ஆனால் பொறுக்கவில்லை, முன்கூட்டியே போய்விட்டாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரு 3 மி.மீ., துடிப்பு இன்னும் தெரியவில்லை, பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரே போன் செய்து, “பத்து நாள் ஆவட்டும்மா, அதுக்குள்ள யாருக்கும் காட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார். பத்து நாள் இன்னும் ஆகவில்லை.